கிண்ணமும் கிரீடமும்: ஹுஸைட் போர்கள் மதப் போரா, அரசுரிமைப் போரா?

கேள்வி இதுதான்: "மார்ட்டின் லூதருக்கு நூறு வருடம் முன்பே, இன்றைய செக் நாட்டில், யான் ஹுஸ் என்ற பாதிரியாரை எரித்ததால் பெரிய போர் மூண்டது என்று படித்தேன். ஒரு பாதிரியாரின் சாவுக்காக ஒரு நாடே பதினைந்து வருடம் சண்டை போடுமா? அவ்வளவு சின்ன நாடு அத்தனை சிலுவைப் போர்களை எப்படித் தாங்கியது? இது மதப் போரா, அரசுரிமைப் போரா?"

இரண்டும்தான். ஆனால் "இரண்டும்" என்று சொல்லி நிறுத்தினால் விஷயம் புரியாது. ஹுஸுக்கு உயிர்ப் பாதுகாப்பு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவரைச் சாகவிட்டவர் சிகிஸ்முண்ட். அந்த நாட்டின் அரியணைக்கு அடுத்த வாரிசும் அதே சிகிஸ்முண்ட்தான். மதக் கேள்வியும் அரசுரிமைக் கேள்வியும் ஒரே ஆளின் தலையில் வந்து விழுந்தன. இது நடந்திருக்காவிட்டால், ஹுஸின் பெயர் எரிக்கப்பட்ட பல போதகர்களில் ஒருவரின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கும் என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் பொகீமியா. அதை நானூறு வருடத்துக்கு மேல் ஆண்டுவந்த பிரெமிஸ்லித் வம்சத்தின் கடைசி அரசர் மூன்றாம் வென்செஸ்லாஸ், 1306இல் ஓலோமௌட்ஸ் நகரில் கொலையுண்டார். வயது பதினாறு. குத்தியது யார் என்பது இன்றுவரை தெளிவில்லை. நாலு வருடக் குழப்பத்துக்குப் பிறகு, அவருடைய தங்கை எலிசபெத்தை மணந்து லக்ஸம்பர்க் குடும்பத்து ஜான் அரசரானார். அதாவது, பெண் வழியாக வந்த உரிமை அது. பிரபுக்கள் ஒப்புக்கொண்டதால் நிலைத்தது. "அரசர் எங்கள் சம்மதத்தால்தான் அரசர்" என்ற எண்ணம் பொகீமியப் பிரபுக்களிடம் கடைசிவரை போகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜானின் மகன் நான்காம் சார்லஸ் காலம் பொற்காலம் என்றே சொல்லலாம். 1355இல் ரோமில் புனித ரோமானியப் பேரரசராக முடிசூடினார். ஆனால் மனதெல்லாம் பிராக் நகரத்தில்தான். 1344இல் பிராகுக்குப் பேராயர் பீடம் வாங்கினார்கள். 1348இல் மத்திய ஐரோப்பாவின் முதல் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கியது. அதே வருடம் புதுநகரம் என்ற பெயரில் ஒரு முழு நகரத்தையே பழைய நகரத்தோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினார்கள். 1357இல் இன்று சுற்றுலாப் பயணிகள் நடக்கிற அந்தக் கல்பாலத்துக்கு அடிக்கல் போட்டார்கள்.

இந்தப் பக்திக்கும் செழிப்புக்கும் ஒரு விலை இருந்தது. மடங்களும் ஆலயங்களும் பெருகின. நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது திருச்சபையின் கையில் இருந்தது என்பது வழக்கமான மதிப்பீடு. பதவிகள் காசுக்கு விலைபோயின. ஒரே பாதிரியார் நாலைந்து பங்குகளின் வருமானத்தை வாங்கிக்கொண்டு எதிலும் தங்காமல் இருப்பார். இதைக் கண்டிக்கும் போதகர்களைக் கூட்டிவந்து பேசவைத்தவரும் சார்லஸ்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவருடைய அரண்மனை எழுத்தராக இருந்த மிலிச் என்பவர் எல்லாப் பதவியையும் உதறிவிட்டு வறுமையில் வாழ்ந்து போதித்தார். 1372இல் பிராகின் விலைமாதர் தெருவில், அந்தத் தொழிலை விட்டு வந்த பெண்களுக்காக "எருசலேம்" என்ற இல்லத்தை நடத்தினார். சீர்திருத்தம் ஹுஸோடு பிறக்கவில்லை. அரசரின் ஆதரவிலேயே அது ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

1378இல் சார்லஸ் இறந்தார். அதே வருடம் திருச்சபையும் இரண்டாக உடைந்தது. ரோமில் ஒரு போப், அவிஞ்ஞோனில் இன்னொரு போப். ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டார்கள். 1409இல் பீசா நகரில் கூடிய சங்கம் இருவரையும் நீக்கிவிட்டு மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது. மற்ற இருவரும் இறங்க மறுத்ததால் மூன்று போப்கள் ஆனார்கள். சாதாரண விசுவாசியின் நிலையை யோசித்துப் பாருங்கள். தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற பாதிரியாருக்கு அந்த அதிகாரம் எந்தப் போப்பிடமிருந்து வந்தது, அது செல்லுமா செல்லாதா? "போப்புக்கும் மேலே ஏதோ ஓர் அளவுகோல் இருக்க வேண்டும்" என்ற பேச்சு ஐரோப்பா முழுக்க எழுந்ததற்கு இதுதான் காரணம். அந்த அளவுகோல், ஆயர்களெல்லாம் கூடும் பொதுச்சங்கம் என்றார்கள் பாரிஸ் அறிஞர்கள். வேதாகமம் என்றார் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் விக்ளிஃப்.

விக்ளிஃபின் நூல்கள் பிராகுக்கு வந்த வழியிலும் ஓர் அரச குடும்பத் திருமணம் இருக்கிறது. சார்லஸின் மகள் ஆன், 1382இல் இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டை மணந்தார். அதன்பின் இரண்டு நாடுகளுக்கும் மாணவர் போக்குவரத்து பெருகியது. பிராகின் ஜெரோம் என்ற துடிப்பான அறிஞர் ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து விக்ளிஃபின் நூல்களைப் படியெடுத்துக் கொண்டுவந்தார்.

சார்லஸின் மூத்த மகன் நான்காம் வென்செஸ்லாஸ் பதினேழு வயதில் எல்லாப் பொறுப்பையும் சுமந்தார். தகப்பனின் திறமை இல்லை; கோபமும் குடியும் அதிகம். 1393இல் பேராயரோடு நடந்த அதிகாரச் சண்டையில், பேராயரின் உதவியாளரான நெபோமுக் ஜானைச் சித்திரவதை செய்து வல்தாவா ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். மறு வருடம் பிரபுக்களே அரசரைச் சிறைபிடித்தார்கள். 1400இல் ஜெர்மானிய இளவரசர்கள் அவரைப் பேரரசின் தலைமையிலிருந்து நீக்கினார்கள். 1402இல் சொந்தத் தம்பியே பிடித்து வியன்னாவில் காவலில் வைத்தார். அந்தத் தம்பிதான் சிகிஸ்முண்ட்.

சிகிஸ்முண்டைச் சும்மா ஒரு வில்லனாக வரைவது சுலபம், ஆனால் நியாயமில்லை. திருமணம் வழியாக 1387இல் ஹங்கேரியின் அரசரானவர். 1396இல் நிகோபோலிஸில் ஒட்டோமான் படையிடம் படுதோல்வி அடைந்து உயிர் தப்பினார். பல மொழி பேசுவார். ஐரோப்பாவின் பெரிய சிக்கல்களைப் பேசித் தீர்க்க வேண்டும் என்ற உண்மையான ஆசை அவருக்கு உண்டு. மூன்று போப் விவகாரத்தை முடித்துவைத்ததில் அவர் பங்கு பெரியது. வென்செஸ்லாஸுக்குப் பிள்ளை இல்லை என்பதால் பொகீமியாவும் ஒருநாள் தனக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். அந்த நாட்டைப் பற்றித் திருச்சபையில் கெட்ட பேச்சு வரக்கூடாது, தன் சொத்துக்குக் களங்கம் வரக்கூடாது என்பதுதான், அந்த விவகாரத்தை முடிக்கப் பொதுச்சங்கம் கூடிய கான்ஸ்டன்ஸ் நகருக்கு ஹுஸை அவர் அழைத்ததன் முதல் நோக்கம்.

ஹுஸ் தெற்குப் பொகீமியாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1402 முதல் பிராகின் பெத்லகேம் ஆலயத்தில் போதகர். இந்த ஆலயத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. செக் மொழியில் பிரசங்கம் நடக்க வேண்டும் என்பதற்காகவே 1391இல் நிறுவப்பட்டது. பிரசங்க மேடையைச் சுற்றிச் சுமார் மூவாயிரம் பேர் நிற்கக்கூடிய வெறும் மண்டபம். கைவினைஞர்கள், வேலைக்காரப் பெண்கள், மாணவர்கள், சில நேரம் ராணி சோஃபியாவும்கூட அங்கே வந்து கேட்டார்கள்.

1409இல் வென்செஸ்லாஸ் ஓர் ஆணை போட்டார். பீசா சங்கத்துக்குப் பல்கலைக்கழகத்தின் ஆதரவு அவருக்குத் தேவை. ஜெர்மானிய ஆசிரியர்கள் மறுத்தார்கள். அதுவரை வெளிநாட்டவருக்கு மூன்று வாக்கு, செக்குகளுக்கு ஒன்று. குட்னா ஹோரா ஆணை அதைத் தலைகீழாக்கியது. ஜெர்மானிய ஆசிரியர்களும் மாணவர்களும் நூற்றுக்கணக்கில் வெளியேறி, அதே வருடம் லைப்சிக் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். பிராக் ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகமாக இருந்தது அன்றோடு முடிந்தது. ஹுஸ் அதன் தலைவரானார். ஐரோப்பா முழுக்கப் போய் "பிராகில் விக்ளிஃபின் கூட்டம் ஆள்கிறது" என்று சொல்ல ஆட்களும் கிடைத்துவிட்டார்கள்.

1412இல் அரசரோடும் முறிந்தது. பீசா வரிசையில் வந்த போப் இருபத்துமூன்றாம் ஜான், நேப்பிள்ஸ் அரசரோடு போரிடப் பணம் திரட்டப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார். அதில் வென்செஸ்லாஸுக்கும் பங்கு. ஹுஸ் எதிர்த்தார். ஆலயத்தில் எழுந்து சீட்டு விற்பனையைக் கண்டித்த மூன்று இளைஞர்களின் தலையை வெட்டினார்கள். ஹுஸ் நகரத்தில் இருக்கும்வரை பிராகில் பூசையோ அடக்கச் சடங்கோ நடக்கக்கூடாது என்று தடை வந்தது. அவர் கிராமப்புறம் போய், வயல்வெளிகளிலும் கோட்டைகளிலும் போதித்தார். பிற்பாடு போர் மூண்டபோது முதலில் எழுந்ததும் அந்தத் தெற்குக் கிராமங்கள்தான்.

1414 நவம்பரில் கான்ஸ்டன்ஸ் போய்ச் சேர்ந்தார். அவருக்குச் சிகிஸ்முண்டின் பாதுகாப்புக் கடிதம் இருந்தது. நாலு வாரம் ஆகவில்லை, கைது. சிகிஸ்முண்ட் முதலில் கோபப்பட்டார், உண்மைதான். ஆனால் சங்கத்தார் சொன்னார்கள்: விடுவித்தால் சங்கமே கலையும், தப்பறை, அதாவது திருச்சபைக்கு மாறான கொள்கை, போதிப்பவருக்குக் கொடுத்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. மூன்று போப் பிரச்சினையைத் தீர்த்த அரசர் என்ற பெயரா, ஒரு பாதிரியாரின் உயிரா? அவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். கணக்கு போட்டுப் பார்த்தால் அன்றைக்கு அது புத்திசாலித்தனமான முடிவாகவே தெரிந்திருக்கும்.

இதற்கு நடுவே ஒன்று நடந்தது. 1415 மார்ச்சில், தன்னையும் நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்து போப் ஜானே மாறுவேடத்தில் ஓடிப்போனார். பிடித்துவந்து, ஹுஸை வைத்திருந்த அதே கோட்லீபன் கோட்டையில் அவரையும் அடைத்தார்கள். போப்பாக இருந்தவர் சில வருடங்களில் விடுதலையாகி, கர்தினாலாகவே இறந்தார்.

ஹுஸ் மேல் சுமத்திய குற்றங்களில் பல, அவர் ஒருபோதும் போதிக்காதவை. "போதிக்காததை எப்படித் திரும்பப் பெறுவது? அது பொய்ச் சத்தியம் ஆகாதா?" என்பதுதான் அவருடைய வாதம். போதித்தவற்றில் தவறு இருந்தால் வேதத்திலிருந்து காட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன் என்றார். அந்தச் சபை கேட்டதோ கீழ்ப்படிதலை. 1415 ஜூலை 6, பேராலயத்தில் ஒவ்வொன்றாகக் குருத்துவ உடைகளைக் களைந்தார்கள். பிசாசுகளின் படம் வரைந்த காகிதத் தொப்பியைத் தலையில் வைத்தார்கள். எரித்து, சாம்பலையும் விடாமல் ரைன் ஆற்றில் போட்டார்கள். தொழ எதுவும் மிஞ்சக்கூடாது என்பது திட்டம். மறு வருடம் மே 30 அன்று ஜெரோமையும் எரித்தார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஹுஸை எரித்த 1415இன் செப்டம்பரில் பொகீமியா, மொராவியாவின் பிரபுக்கள் 452 பேர் முத்திரையிட்டுச் சங்கத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார்கள். அதன் ஒரு பிரதி, நூறு மெழுகு முத்திரைகள் தொங்க, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் கடிதம் இறையியல் பேசவில்லை. ஒரு நல்ல மனிதரை நியாயமில்லாமல் கொன்றீர்கள், எங்கள் நாட்டைத் தப்பறை நாடு என்று அவமானப்படுத்தினீர்கள் என்கிறது. இதில் கையெழுத்திட்ட எல்லோரும் ஹுஸின் சீடர்கள் அல்ல. திருச்சபை நிலங்களின் மேல் கண் வைத்தவர்களும் நிச்சயம் இருந்தார்கள். ஆனால் நாளைக்கு அரசராக வரப்போகிறவர் கொடுத்த எழுத்துக்கு மதிப்பில்லை என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி உறைத்தது. அவர்களுடைய கோட்டைக்கும் உரிமைக்கும் ஆதாரம் அதே மாதிரி அரச எழுத்துகள்தானே.

கிராமத்திலும் நகரத்திலும் இருந்தவர்களுக்கு வேறோர் அடையாளம் கிடைத்தது. அந்தக் காலத்தில் நற்கருணையில் பொதுநிலையினருக்கு அப்பம் மட்டும்தான். கிண்ணத்தில் இருக்கும் திராட்சை ரசம் குருவுக்கு. "இதில் எல்லோரும் பருகுங்கள்" என்று இயேசு சொன்னாரே, பிறகு ஏன் எங்களுக்கு இல்லை என்று 1414இல் பிராகில் கேட்டார்கள். ஹுஸின் நண்பர் யாகோபெக் தொடங்கிவைத்தார். ஹுஸ் சிறையிலிருந்தே ஆதரித்தார். கான்ஸ்டன்ஸ் தடை போட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயிக்கு விக்ளிஃபின் தத்துவம் புரிய வேண்டியதில்லை. கிண்ணத்தைத் தருகிறாயா, மறுக்கிறாயா? யார் எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிடும். கொடிகளிலும் கேடயங்களிலும் கிண்ணம் ஏறியது.

1419 ஜூலை 30 அன்று, யான் ஜெலிவ்ஸ்கி என்ற போதகரின் பின்னால் ஓர் ஊர்வலம் பிராக் புதுநகர மன்றத்துக்குப் போய், சிறையில் இருந்த தங்கள் ஆட்களை விடச் சொல்லிக் கேட்டது. மறுத்த நகர மன்றத்தாரை ஜன்னல் வழியே கீழே எறிந்தார்கள். கீழே ஈட்டிகளோடு கூட்டம். இதைக் கேட்ட அதிர்ச்சியில் வென்செஸ்லாஸ் படுத்தார்; ஆகஸ்ட் 16 அன்று இறந்தார். அரியணை காலி. வாரிசு சிகிஸ்முண்ட்.

அந்த நேரத்திலும் சமரசத்துக்கு வழி இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பிரபுக்களும் பழைய நகரத்துப் பணக்காரர்களும் சிகிஸ்முண்டை ஏற்கத் தயார். கிண்ணத்தை அனுமதியுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. அவர் பிடிகொடுக்காமல் காலம் கடத்தினார். பிறகு 1420 மார்ச்சில் விரோட்ஸ்வாஃப் நகரில் ஒரு பிராக் வணிகரைக் குதிரையில் கட்டி இழுத்து எரித்தார்கள்; இரண்டே நாளில் பொகீமியாவுக்கு எதிரான சிலுவைப் போர் அறிவிப்பை அங்கேயே வாசித்தார்கள். தன் சொந்த நாட்டின் மேல் சிலுவைப் போர் கொண்டுவந்த அரசரை அதன்பின் எந்த மிதவாதியாலும் ஆதரித்துப் பேச முடியவில்லை. பிராகும் தெற்குத் தீவிரவாதிகளும் ஒரே அணியில் நின்றார்கள். நான்கு கோரிக்கைகள் வகுத்தார்கள்: தடையில்லாத போதனை, எல்லோருக்கும் கிண்ணம், குருக்கள் உலகச் சொத்தையும் அதிகாரத்தையும் விட்டுவிட வேண்டும், பெரும் பாவங்களைச் செய்பவர் யாரானாலும் தண்டனை.

தெற்கில் தாபோர் எழுந்தது. அதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. 1420 பிப்ரவரி 10க்கும் 14க்கும் இடையே உலகம் முடியும், ஐந்து நகரங்களில் இருப்பவர்கள் மட்டும் பிழைப்பார்கள் என்று சில போதகர்கள் சொன்னார்கள். மக்கள் வீடு வாசலை விற்றுவிட்டுப் பிள்ளை குட்டிகளோடு கிளம்பினார்கள். பணத்தைப் பொதுத் தொட்டிகளில் போட்டார்கள். நாள் கடந்தது, உலகம் முடியவில்லை. திரும்பிப் போக வீடும் இல்லை. அவர்கள் மலைமேல் கட்டிய நகரம்தான் தாபோர். "என்னுடையது, உன்னுடையது" கிடையாது, இனி ஆண்டையும் இல்லை, நிலத்துக்கு வாரம் (குத்தகை) கட்டுவதும் இல்லை என்றார்கள். அதே வருடம் அக்டோபரில் சுற்றுக் கிராமத்து விவசாயிகளிடம் வாரம் வசூலிக்கவும் தொடங்கிவிட்டார்கள். படைக்குச் சோறு போட வேண்டுமே. தாபோரை முதல் பொதுவுடைமைச் சமூகம் என்று கொண்டாடுகிறவர்கள் இந்த அக்டோபரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த மக்களின் நம்பிக்கை பொய்யல்ல. போர் அதைத் தின்றுவிட்டது.

சரி, இவர்கள் எப்படி ஜெயித்தார்கள்? யான் ஜிஷ்கா. சின்னப் பிரபு குடும்பம், ஒரு கண் இளமையிலேயே போனது. வயது அறுபதை நெருங்கும்போது தளபதியானார். அவரிடம் இருந்தது விவசாயிகளும் கைவினைஞர்களும். எதிரில் இரும்புக் கவசம் போட்ட குதிரைவீரர்கள். சமவெளியில் நின்றால் ஒரே பாய்ச்சலில் முடிந்துவிடும். அவர் கையிலெடுத்தது வண்டி.

சாதாரணப் பார வண்டிதான். வெளிப்பக்கம் தடித்த பலகையைத் தொங்கவிட்டு, இடையிடையே சுடுவதற்கு ஓட்டை. அடியில் யாரும் நுழையாதபடி சக்கரங்களுக்கு நடுவே இன்னொரு பலகை. ஒரு வண்டிக்குச் சுமார் இருபது பேர்: குதிரை ஓட்ட இருவர், குறுக்குவில்லோடு சிலர், ஆரம்பகாலத் துப்பாக்கியோடு ஓரிருவர், ஈட்டிக்காரர்கள், அப்புறம் தானியம் அடிக்கும் தடியின் நுனியில் இரும்பு முள் பதித்துக்கொண்டவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை, ஒரே இடம். ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து வண்டிகளைச் சக்கரத்தோடு சக்கரம் சேர்த்துச் சங்கிலியால் பிணைப்பார்கள். இடைவெளிகளில் சிறு பீரங்கிகள். குதிரை மேட்டில் ஏறிவந்து பலகைச் சுவரில் மோதி நிற்கும். நின்ற குதிரைமேல் குண்டும் அம்பும். எதிரி தளர்ந்ததும் சங்கிலியை அவிழ்த்து உள்ளே காத்திருந்தவர்கள் வெளியே பாய்வார்கள். வண்டி ஓட்டவும் கதிரடிக்கவும் கிராமத்தானுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜிஷ்காவின் மேதைமை அங்கேதான்: ஆட்களுக்குத் தெரிந்ததை வைத்தே படையை அமைத்தார். அதற்கு மேல் கடும் ஒழுங்கு. 1423இல் அவர் தந்த படை விதிகள் பிரபு, விவசாயி என்று வித்தியாசம் பார்க்காமல் தண்டனை சொல்கின்றன.

1420 ஜூலை 14 அன்று பிராகுக்கு வெளியே வீத்கோவ் குன்றில் சிலுவைப் படை தோற்றது. குன்றின் மேல் மண்ணும் மரமுமாகக் கட்டிய அரணைக் காத்த சிலரில் பெண்களும் இருந்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் சிகிஸ்முண்ட் கோட்டைக்குள்ளேயே அவசரமாக முடிசூடிக்கொண்டு, கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க ஆலயப் பொக்கிஷங்களையும் எடுத்துக்கொண்டு போனார். திருச்சபைச் சொத்தைக் காக்க வந்தவர் செய்த காரியம் இது. 1421 ஜூனில் சாஸ்லவ் நகரில் கூடிய நாட்டு மன்றம் அவரை அரசராக ஏற்க முடியாது என்றது. முன்னால் சொன்னேனே, அரசர் எங்கள் சம்மதத்தால் அரசர் என்ற எண்ணம், அது இங்கே தீர்மானமாகவே வந்துவிட்டது. போலந்து அரசருக்கும் லிதுவேனியப் பெருங்கோமகனுக்கும் கிரீடத்தைக் கொடுக்கப் பார்த்தார்கள். லிதுவேனியாவிலிருந்து ஓர் இளவரசர் கொஞ்ச காலம் வந்து இருந்தார். எதுவும் நிலைக்கவில்லை. பதினேழு வருடம் பொகீமியா பெரும்பாலும் அரசர் இல்லாமலே நடந்தது.

அதே 1421இல் ரபீ கோட்டை முற்றுகையில் ஜிஷ்காவின் மற்றக் கண்ணும் போனது. முழுக் குருடராகவே மறு ஜனவரியில் சிகிஸ்முண்டைக் குட்னா ஹோராவிலிருந்து நெமெட்ஸ்கி ப்ரோட் வரை துரத்தினார். நிலத்தின் மேடு பள்ளத்தை மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டே படையை நிறுத்துவார். 1424 அக்டோபரில் முற்றுகை ஒன்றின்போது நோயில் இறந்தார். அவருடைய ஆட்கள் தங்களை "அனாதைகள்" என்று அழைத்துக்கொண்டார்கள்.

கொடுமைகளை மறைக்கக் கூடாது. வெள்ளிச் சுரங்க நகரமான குட்னா ஹோராவில் ஜெர்மானியக் கத்தோலிக்கச் சுரங்கத் தொழிலாளிகள், பிடிபட்ட ஹுஸைட்டுகளை, அதாவது ஹுஸின் பக்கத்தாரை, பாழடைந்த சுரங்கக் குழிகளில் உயிரோடு தள்ளினார்கள். ஹுஸைட்டுகள் மடங்களை எரித்தார்கள், துறவிகளைக் கொன்றார்கள். நற்கருணையில் இயேசுவின் உடல் இல்லை என்று சொன்ன தங்கள் கூட்டத்தாரையே ஜிஷ்கா எரித்தார். ஜெலிவ்ஸ்கியை 1422இல் பிராக் பழைய நகர மன்றத்தாரே பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டுத் தலையை வெட்டினார்கள்.

ஜிஷ்காவுக்குப் பிறகு புரோகோப் என்ற குரு தலைமை ஏற்றார். 1426இல் ஊஸ்தியில் வெற்றி, 1427இல் தாஹோவ் நகரில் எதிரி ஓட்டம். கடைசிச் சிலுவைப் படை 1431 ஆகஸ்ட் 14 அன்று தோமாஜ்லிட்ஸே அருகே வந்தது. ஹுஸைட்டுகள் பாடிக்கொண்டே வருவார்கள். அந்தப் பாட்டும் வண்டிச் சத்தமும் கேட்டதுமே படை கலைந்து ஓடியது என்பார்கள். தலைமை தாங்கி வந்த கர்தினால் சேசரினியின் தொப்பியும் போப்பின் ஆணைப் பத்திரமும் ஹுஸைட்டுகள் கையில் சிக்கின.

ஓடிய அந்தச் சேசரினிதான் பேச்சுவார்த்தைக்கு முதல் வக்கீலாக ஆனார். இவர்களை ஆயுதத்தால் ஜெயிக்க முடியாது என்று கண்ணால் பார்த்தவர் அவர். பாசல் நகரில் பொதுச்சங்கம் கூடியிருந்தது. ஹுஸைட்டுகளை அங்கே வரச்சொன்னார்கள். கான்ஸ்டன்ஸ் நினைவு போகாதவர்கள், சும்மா வருவார்களா? 1432 மே மாதம் ஹேப் நகரில் முன்கூட்டியே விதி பேசினார்கள். பாதுகாப்புக்கு உறுதி, விவாதத்தில் தீர்ப்பு சொல்லும் அளவுகோல் வேதாகமம், கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் ஆதித் திருச்சபையும் நடந்துகொண்ட விதம், அவற்றில் ஊன்றி நிற்கும் சங்கங்களும் அறிஞர்களும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஹுஸ் கேட்டு மறுக்கப்பட்டது ஏறக்குறைய இதுதான். 1433 ஜனவரியில் புரோகோப்பும் பிராக் போதகர் ரோகிட்சானாவும் ஆங்கிலேயரான பீட்டர் பெய்னும் பாசலில் நுழைந்து, நான்கு கோரிக்கைகளுக்காக வாரக்கணக்கில் வாதாடினார்கள். தப்பறை என்று தீர்ப்பிடப்பட்டவர்களோடு மேற்குத் திருச்சபை சமமாக உட்கார்ந்து பேசியது. இந்தப் போர்களில் எந்த வெற்றியையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதோடு உள்ளேயும் விரிசல் விட்டது. நாடு களைத்திருந்தது: வணிகத் தடை, பஞ்சம், வருடா வருடம் வெளிநாட்டுக்குப் படையெடுத்துக் கொள்ளையில் வாழப் பழகிய ஒரு படை. பிரபுக்கள் திருச்சபை நிலங்களை எடுத்துக்கொண்டாயிற்று. அவர்களுக்கு இனி வேண்டியது அமைதியும் அந்த நிலத்துக்குப் பட்டாவும். மிதவாத ஹுஸைட்டுகளும் கத்தோலிக்கப் பிரபுக்களும் கைகோத்தார்கள். 1434 மே 30, லிபானி. இரண்டு பக்கமும் வண்டிகள், இரண்டு பக்கமும் ஜிஷ்காவின் பாடம் படித்தவர்கள். பிரபுக்களின் அணி தோற்று ஓடுவது போல் போக்குக் காட்டியது. தாபோர் படை வண்டிக் கோட்டையைத் திறந்து துரத்தியது. திறந்த வாசல் வழியாகக் குதிரைப்படை உள்ளே புகுந்தது. புரோகோப் அங்கேயே விழுந்தார். சரணடைந்த நூற்றுக்கணக்கானவர்களைக் களஞ்சியங்களில் பூட்டி எரித்தார்கள்.

1436 ஜூலையில் யிஹ்லவாவில் உடன்பாடு. விரும்பும் பெரியவர்களுக்குக் கிண்ணம் உண்டு. மற்ற மூன்று கோரிக்கைகளும் நீர்த்துப்போயின. பறித்த நிலங்கள் பெரும்பாலும் பறித்தவர் கையிலேயே தங்கின. சிகிஸ்முண்ட் கடைசியில் பிராகுக்குள் அரசராக நுழைந்தார். அடுத்த வருடம் டிசம்பரில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை, லக்ஸம்பர்க் வம்சம் அவரோடு முடிந்தது. உரிமை மகள் எலிசபெத்தின் கணவரான ஹப்ஸ்பர்க் ஆல்பர்ட்டுக்குப் போனது. அவரும் இரண்டே வருடத்தில் இறந்தார். அவருக்குப் பின் பிறந்த மகன் லாடிஸ்லாஸும் 1457இல் பதினேழு வயதில் மறைந்தார்.

மறு வருடம் பொகீமிய நாட்டு மன்றம் செய்ததைப் பாருங்கள்: எந்த அரச குடும்பத்தையும் தேடாமல், கிண்ணக் கட்சியைச் சேர்ந்த உள்ளூர்ப் பிரபு போதெப்ராடி ஜார்ஜை அரசராகத் தேர்ந்தெடுத்தது. 1462இல் போப் இரண்டாம் பயஸ் உடன்பாட்டை ரத்து செய்தார். ஜார்ஜுக்கு ஒருகாலத்தில் மருமகனாக இருந்த ஹங்கேரியின் மத்தியாஸே அவர்மேல் படையெடுத்தார். அப்போதும் நாடு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1485இல் குட்னா ஹோராவில், கத்தோலிக்கரும் கிண்ணக் கட்சியாரும் சட்டத்தின் முன் சமம் என்று இரு தரப்பும் ஒப்பந்தம் செய்தார்கள். பண்ணையில் வேலைசெய்யும் குடியானவனும் தன் ஆண்டையின் மதத்தைப் பார்க்காமல் தன் வழியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். மற்ற ஐரோப்பிய நாடுகள் இந்த இடத்துக்கு வர இன்னும் எத்தனையோ போர்கள் தேவைப்பட்டன. 1620இல் வெள்ளை மலைப் போரில் ஹப்ஸ்பர்க் படை வென்றபின் அதுவும் போனது.

லூதரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1519இல் லைப்சிக் விவாதத்தில் எதிராளி அவரை "ஹுஸைட்" என்று மடக்கினார். கான்ஸ்டன்ஸில் கண்டிக்கப்பட்ட ஹுஸின் கருத்துகளில் சில சரியானவை என்று லூதர் அங்கேயே சொன்னார். பிறகு ஹுஸின் நூலை வாங்கிப் படித்தபின், தெரியாமலே நாமெல்லாம் ஹுஸைட்டுகளாக இருந்திருக்கிறோம் என்று 1520இல் நண்பருக்கு எழுதினார். ஹுஸைட்டுகளில் வாளையே வேண்டாம் என்ற ஒரு சிறு கிளை 1457 வாக்கில் "சகோதரர் ஐக்கியம்" என்று தனியே பிரிந்தது. வெள்ளை மலைக்குப் பிறகு ஒளிந்து பிழைத்த அதன் வாரிசுகள் 1722 முதல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் குடியேறினார்கள். மொராவியச் சகோதரர்கள் என்று பெயர் பெற்ற அவர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து, ஊருக்கு வெளியே தோட்டம் அமைத்து, கைத்தொழில் செய்து பல வருடம் வாழ்ந்தார்கள்.